வேர் சிகிச்சைக்குப் பின் வரும் வலி: முதல்முறை செய்துகொள்பவர்களுக்கு

மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: வேர் சிகிச்சை வலிக்குமா? செய்யும்போது வலிக்காது, அதற்குத்தான் மரத்துப்போகும் ஊசி இருக்கிறது. ஊசியின் வேகம் இறங்கிய பிறகு வலிக்கலாம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்தான் நம் பக்கத்தில் பலர் முதல் இரவிலேயே பயந்துபோய்ப் பாதிச் சிகிச்சையோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் சிலர் மருந்துக் கடையில் கொடுத்ததை எல்லாம் விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். இந்தக் கரையில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது தீராத வருத்தம். அந்த வலி எதனால் வருகிறது, அது குறைய நாற்காலியில் என்ன நடக்க வேண்டும், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் பல் வேருக்குள் ஓடும் வேர்க்குழாயைக் கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். அந்த இரவு எப்படிக் கழியும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நரம்பை எடுத்த பிறகும் ஏன் வலிக்கிறது?

பல்லுக்குள் இருக்கும் சதையைத்தான் நாம் பேச்சில் 'நரம்பு' என்கிறோம். வேர் சிகிச்சையில் அதை முழுதாக எடுத்துவிடுகிறோம். ஆனால் வேரைச் சுற்றி எலும்புக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு மெல்லிய திசு இருக்கிறது. உயிருள்ள அந்தத் திசுவில் நரம்புகள் நிறைய. கடிக்கும்போது பல்லில் அழுத்தம் தெரிவது அதனால்தான். வேருக்குள் வேலை செய்யும்போது அழுகிய சதைத் துணுக்கு, கிருமி, சுரண்டிய தூள் ஆகியவற்றில் கொஞ்சம் வேர்முனைத் துளை வழியாக வெளியே தள்ளப்பட்டால் அந்தத் திசு வீங்கிக்கொள்ளும். வலி அங்கிருந்துதான் வருகிறது.

2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் வலியோடு இருந்தவர்கள் 81 சதவீதம். சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்தில் வலி இருந்தவர்கள் 40 சதவீதம். ஏழு நாளில் 11 சதவீதம். வலியின் கடுமையும் இதே போலச் சரிந்தது. ஆகவே முதல் நாள் வலித்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வலி உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். விசைப்படகில் போகிறவர் கிளம்பினால் மறுநாள்தான் கரை. காலையில் சிகிச்சை செய்துகொண்டு அன்றே கடலுக்குப் போனால் அந்த உச்சத்தை நடுக்கடலில் கழிக்க வேண்டிவரும். அங்கே கன்னம் வீங்கினால் பார்க்க ஆள் இல்லை. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாளாவது கரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வலி இல்லாமல் சொத்தை மட்டும் பெரிதாக இருப்பவர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. கன்னம் வீங்கியிருப்பவர்களுக்கோ, ராத்திரி தூக்கம் போனவர்களுக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்கள் உடனே வர வேண்டும்.

நோன்பு நாட்களில் வருபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையை நோன்பு திறந்த பிறகும் ஸஹருக்கும் என்று பிரித்துத் தர முடியும். சொல்லாவிட்டால் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவதும், வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதுமாகப் போய்விடும்.

இரண்டாம் படி: கையில் என்ன கொண்டுபோக வேண்டும்

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய்க்கு இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, குடல் புண், கர்ப்பம், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது, எதையும் சொல்லாமல் விட வேண்டாம். பின்னால் எந்த வலி மாத்திரை தருவது என்று முடிவாவது இந்தத் தகவலை வைத்துத்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும் உதவும்.

மூன்றாம் படி: நாற்காலியில் நடப்பது

ஊசி போட்டு மரத்த பிறகு, பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். ரப்பர் டேம் என்பது அதன் பெயர். மூச்சு முட்டுமோ என்று சிலர் பயப்படுவார்கள். மூக்கு திறந்துதான் இருக்கும். இதைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எச்சிலில் இருக்கும் கிருமி வேருக்குள் போகாமலும், உள்ளே விடும் மருந்துத் திரவம் தொண்டைக்குள் போகாமலும் காப்பது அதுதான். அதைப் பிடித்து நிறுத்தும் கம்பி ஈறில் அழுத்துவதால் மறுநாள் ஈறு கொஞ்சம் எரியும். ஒரு நாளைக்கு முண்டு வத்தல் அரைத்த குழம்பைத் தள்ளிவைத்தால் போதும்.

பிறகு பல்லில் மேலிருந்து துளையிட்டு, வேரின் நீளத்தைக் கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளந்து, ஃபைல் எனப்படும் மெல்லிய அரம்போன்ற ஊசிகளால் குழாய்களை அகலப்படுத்துவார்கள். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் இரண்டு வேர்கள், மூன்று அல்லது நான்கு குழாய்கள். மேல்தாடையில் அதே பல்லுக்கு மூன்று வேர்கள். நான்காவதாக ஒரு குழாய் ஒளிந்திருப்பது சாதாரணம். அது கண்ணில் படாமல் போனால் வலி மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்துகொண்டிருக்கும்.

நான்காம் படி: கழுவுதல்

வேர்க்குழாய் நேரான ஓட்டை இல்லை. வளையும், தட்டையாகும், பக்கத்தில் கிளைவிடும். நுண் சி.டி. படங்களில் பார்த்தபோது, எவ்வளவு நல்ல ஃபைலைப் போட்டாலும் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தொடாமலே இருந்துவிடுகிறது என்று தெரிந்தது. அந்த இடங்களுக்குப் போகக்கூடியது திரவம் மட்டுமே. ஃபைலின் வேலை திரவத்துக்கு வழி விடுவது. சுத்தம் செய்வது திரவம். நோயாளிகளுக்கு இதைப் புரியவைத்துவிட்டால் "சீக்கிரம் முடித்துவிடுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது" என்று அவசரப்படுத்த மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

முக்கியமான திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். பஞ்சாயத்தில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரின் வாடையே இதிலும் வரும். இரண்டும் ஒரே இனம். முதல் உலகப் போரின்போது ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளர் காயங்களைக் கழுவ 0.5 சதவீதக் கரைசலைக் கொண்டுவந்தார். பல் மருத்துவம் அதை எடுத்துக்கொண்டு, இன்று 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுத்துகிறது. கிருமியைக் கொல்லும் திரவங்கள் வேறு பல உண்டு. செத்த சதையையே கரைத்துவிடும் குணம் இதற்குத்தான் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது நன்றாகத் தெரியும். சதை மிச்சம் இருக்கும் குழாயில் ஒரு சொட்டு விட்டதும் குழாயின் வாயில் பொடிப்பொடியாக நுரை கட்டும், திரவம் கலங்கும். உறிஞ்சிவிட்டுப் புதிதாக விட விட நுரை குறையும். கடைசியில் விட்ட திரவம் விட்டபடியே தெளிவாக நிற்கும். அதுவரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சதையைக் கரைக்கக் கரைக்க இதன் வீரியம் தீர்ந்துபோகிறது. அதனால் பழைய திரவத்தை உள்ளே விட்டுவைப்பதில் பயன் இல்லை.

வெயிலும் சூடும் படுகிற இடத்தில் வைத்தால் பாட்டிலிலேயே வீரியம் போய்விடும் என்பதை நம் ஊர் மருத்துவமனைகளுக்குப் புதிதாக வேலைக்கு வரும் இளம் மருத்துவர்களும் உதவியாளர்களும் மனத்தில் வைக்க வேண்டும். நிறம் கெட்டியான பாட்டில், குளிர்ந்த அலமாரி, திறந்த தேதி எழுதிய சீட்டு, இவ்வளவு போதும்.

அடுத்தது 17 சதவீத ஈடிடிஏ. ஃபைல் சுரண்டிய தூள் சுவரில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க இந்தத் திரவம் சுமார் ஒரு நிமிடம் உள்ளே இருந்தால் போதும். சிலர் கடைசியாக 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் விடுவார்கள். அது கிருமியைக் கொல்லும், சதையைக் கரைக்காது. ஹைப்போகுளோரைட்டோடு நேராகக் கலந்தால் செம்பழுப்பாக ஒரு கசடு உறைந்து குழாயை அடைக்கும். நடுவில் சலைன் விட்டு அலச வேண்டும்.

எந்தத் திரவம் என்பதோடு எப்படி விடுகிறார்கள் என்பதும் வலியைத் தீர்மானிக்கிறது. திரவம் விடும் ஊசியின் முனை மூடியிருந்து, பக்கவாட்டில் திறப்பு இருக்க வேண்டும். 30 கேஜ் ஊசி என்றால் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். வேர்முனைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பே அதை நிறுத்தி, குழாயில் சிக்காமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, கட்டைவிரலின் முழுப் பலத்தைப் போடாமல் ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். ஊசி குழாயில் இறுகியிருக்கும்போது அழுத்தினால் திரவம் மேலே வர வழியில்லாமல் வேர்முனை வழியாக எலும்புக்குள் போய்விடும். அப்படி நடந்தால் சில நொடிகளில் உயிர்போகும் வலி, சில நிமிடங்களில் கன்னம் உப்புதல், பல்லிலிருந்து இரத்தம், பிறகு தோலில் கன்றிய நிறம் என்று வரும். அபூர்வம்தான். ஆனால் மரத்திருக்கும்போதே திடீரென்று எரிகிற வலி வந்தால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். தொண்டையில் பிளீச்சிங் வாடையோடு கசப்பு இறங்கினாலும் அப்படியே செய்யுங்கள்.

ஊசியால் மட்டும் விட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. குறுகிய கழுத்துள்ள பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் அடியில் காற்று நின்றுகொள்வதுபோல, வேர்முனையில் காற்றுக்குமிழி நின்று திரவத்தைத் தடுக்கும். அதை உடைக்கத்தான் திரவத்தைக் கலக்கிவிடும் முறைகள் வந்தன. அல்ட்ராசோனிக் முனையை உள்ளே விட்டு இருபது நொடி அதிரவைத்து, திரவத்தை மாற்றி, மூன்று முறை செய்வது ஒன்று. குறைந்த வேகத்தில் அதிரும் பிளாஸ்டிக் முனை மற்றொன்று. வேர்முனைப் பக்கத்திலிருந்து திரவத்தை மேல்நோக்கி உறிஞ்சும் முறையும் உண்டு. திரவம் வெளியே தள்ளப்படும் ஆபத்து இதில் மிகக் குறைவு. இவை எதுவும் இல்லாத இடத்தில், குழாயை அடைக்கப் பயன்படும் குட்டா பெர்ச்சா குச்சியையே உள்ளே விட்டு நிமிடத்துக்கு நூறு முறை மேலும் கீழும் அசைக்கலாம்.

வலி விஷயத்தில் இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது, ஊசியால் மட்டும் கழுவியவர்களைவிடத் திரவத்தைக் கலக்கிவிட்டவர்களுக்கு முதல் ஓரிரு நாள் வலி குறைவாக இருந்தது என்பதுதான். ஒரு வாரத்துக்குப் பிறகு பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆகவே உங்கள் ஊர் மருத்துவமனையில் விலை உயர்ந்த கருவி இல்லை என்பதற்காக மதுரைக்கு ஓட வேண்டாம். பக்கத் திறப்பு ஊசியை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கழுவும் கையை, அவசரத்தில் ஓட்டும் கருவியைவிட நான் நம்புவேன்.

அடர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடர்த்தி கூடினால் சதை வேகமாகக் கரையும். வேர்முனைக்கு வெளியே கசிந்தால் எரிச்சலும் கூடும். 1.3 சதவீதக் கரைசலில் கழுவியவர்களுக்கு 5.25 சதவீதத்தைவிட வலி குறைவாக இருந்ததாகக் காட்டிய ஆய்வும் இருக்கிறது. அடர்த்தியைக் குறைத்து, அளவையும் நேரத்தையும் கூட்டுவது நல்ல வழி என்பது என் கருத்து.

எளிய முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கழுவி முடித்த குழாயைக் கடைசியில் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிர்ந்த சலைனால் ஐந்து நிமிடம் அலசுவது. வேரின் வெளிப்புறம்வரை குளிர்ச்சி போய் வீக்கத்தைத் தணிக்கிறது. முதல் நாள் வலி குறைவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. இதற்குத் தேவை ஒரு சலைன் பாட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும்தான். சின்ன ஊர் மருத்துவமனையிலும் செய்துவிடலாம்.

நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை: ரப்பர் டேம் போடுவீர்களா? எத்தனை குழாய்கள் கிடைத்தன? கழுவுவதற்கு என் நேரம் போதுமா, அல்லது இன்னொரு நாளும் வரட்டுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கும் நோயாளியைப் பார்த்தால் எந்த மருத்துவரும் மகிழ்வார்.

ஐந்தாம் படி: முதல் இரவு

மரப்பு விட மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அது விடும் முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு இறக்குவது கடினம். வயிறும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்கிறது. போதாவிட்டால் பாராசிட்டமாலும் சேர்த்துத் தருவோம். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, கர்ப்பம் இருப்பவர்கள் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தாங்களாகத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் டெங்குவாக இருக்கலாம்; மருத்துவர் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும்.

ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்காது. வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல் வெறும் வலிக்கு அதை வாங்கிச் சாப்பிடுவதால் பலன் இல்லை. கிருமிகள் பழகிக்கொள்வதுதான் மிச்சம்.

தலையணையை உயர்த்திப் படுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுங்கள். மீன் பெட்டிக்கு வரும் ஐஸ் என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே மட்டும் வையுங்கள். வாய்க்குள் போட வேண்டாம். சுடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். கிராம்புத் தைலத்தை ஈறில் தேய்த்தால் வெந்துவிடும். புகையிலையை அந்தப் பல்லின் மேல் அடக்கிவைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அதை இந்தச் சாக்கிலாவது விட்டுவிடுங்கள். மறுநாள் முதல், அரைத் தேக்கரண்டி உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கலாம். கடல் தண்ணீர் வேண்டாம்.

ஆறாம் படி: இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம்

கஞ்சி, இட்லி, முள் நீக்கிய மீன் என்று மெதுவானதை மறுபக்கமாகச் சாப்பிடுங்கள். கீழக்கரைத் தொதல் இழுத்தால், அடுத்த அமர்வுவரை பல்லை மூடிவைக்கும் தற்காலிக அடைப்பு அதோடு வந்துவிடும். பனங்கிழங்கு, கருவாடு, கல்கண்டு ஆகியவை பல்லின் மேல் கேப் (உறை) போடும்வரை அந்தப் பக்கம் கூடாது. வலை பின்னுபவர்கள் நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது வழக்கம்; உள்ளே குடைந்த பல் அப்படித்தான் இரண்டாகப் பிளக்கிறது. கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பற்கள் சேரும் முன்பே அந்தப் பல் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது என்று பொருள். போய்த் தேய்த்துக்கொண்டு வந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இதைப் பொறுத்துக்கொண்டு ஒரு வாரம் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

தட்டினால் லேசான கூச்சம், கடித்தால் சின்ன வலி, மாத்திரைக்கு அடங்குவது, நாளுக்கு நாள் குறைவது எல்லாம் இயல்பு. மூன்றாம் நாள் முதல் நாளைவிட அதிகமாக வலித்தாலோ, மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ, ஈறில் சீழ்க் கொப்புளம் வந்தாலோ, அடைப்பு கழன்றாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கன்ன வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு சிரமப்பட்டால், குளிர்காய்ச்சல் வந்தால், இரவு என்று பார்க்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரம் அதில் இல்லை.

சங்கு குளிப்பவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும்

பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அடைப்புக்குக் கீழே சிக்கிய காற்று, மூழ்கும்போதும் மேலே வரும்போதும் வலியைக் கிளப்பும். பலவீனமான அடைப்பைக் கழற்றவும் செய்யும். ஆழம் குறைந்த இடத்தில் பாசி எடுப்பவர்களுக்கு இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நிரந்தர அடைப்பு முடிந்து, கடித்தால் வலி இல்லை என்ற நிலை வரும்வரை முங்க வேண்டாம். அன்றாடக் கூலி போகும் என்பது தெரியும். அதனால்தான் உங்கள் தொழிலை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள் என்கிறேன். சிகிச்சையை ஒரே அமர்வில் முடிக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

கடைசிப் படி: வலி போன பிறகு

முதல் அமர்விலேயே பலருக்கு வலி நின்றுவிடும். அதோடு வராமல் இருந்துவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து எச்சில் உள்ளே கசியும். கழுவிச் சுத்தம் செய்த குழாயில் கிருமி மறுபடி குடியேறும். குறித்த நாளில் போய்க் குழாய்களை நிரப்பிக்கொள்ளுங்கள். கடைவாய்ப்பல் என்றால் தாமதிக்காமல் கேப்பும் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து வேர்முனை எலும்பு ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் வலி தொடர்ந்தால் பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு முன் வேர் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். தவறிய குழாய், பல்லில் விரிசல், தாடைத் தசை வலி, முகநரம்பு வலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கடைசி இரண்டுக்கும் பல்லைப் பிடுங்கினாலும் வலி போகாது.